பதினேழு கூறு போட்டவர்

எங்கள் ஊரில் கறிக்கூறு போட ஒருவர்தான் இருந்தார். அவர் போட்டால் சண்டை வராது. அவருக்கு முன்னால் போட்டவர் காலத்தில், ஒரு தொடைக்கறித் துண்டுக்காக அண்ணன் தம்பி இருவர் மூன்று வருஷம் முகம் பாராமல் இருந்தார்களாம். இவர் அரிவாளைக் கையில் எடுத்த பிறகு அப்படி ஒன்று நடந்ததில்லை.

கொல்லிமலையில், திருப்புலி நாட்டில் எங்கள் ஊர். அப்போது பதினேழு வீடுகள். கோயில் நோம்பியில் வெட்டிய ஆட்டை அவர் பதினேழு வாழை இலைகளில் கூறு போடுவார். எலும்பு, கொழுப்பு, சதை எல்லாம் எல்லா இலையிலும் இருக்க வேண்டும். ஈரலைக் கூடப் பதினேழாக நறுக்குவார். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதை யாரும் தனியாகச் சமைக்க முடியாது, குழம்பில் போட்டால் காணாமல் போய்விடும். ஆனாலும் நறுக்குவார்.

கூறு போட்டு முடித்ததும் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, இலைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார். பிறகு ஏதாவது ஒரு கூறின் மேல் அரிவாள் நுனியை வைத்து, "இது யாருக்கு கண்ணு?" என்று கேட்பார். குழந்தை வாய்க்கு வந்த வீட்டைச் சொல்லும். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. ஆள் பார்த்துக் கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. தன் வீட்டுப் பெயரை மட்டும் கடைசியில் சொல்லும்படி குழந்தையின் காதில் முதலிலேயே சொல்லிவைப்பார். எல்லோரும் எடுத்துப் போன பிறகு எது மிச்சமோ அது அவருக்கு.

"எங்கூட்டுக்காரரு எமன் வந்தாலும் விடமாட்டாரு. பதினேழாக் கூறு போட்டு, ஊட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டுத்தான் போவாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். அவரும் கூடச் சிரிப்பார். மேல்வரிசையில் ஒரு பல் இருக்காது. சிரிக்கும்போது அங்கே நாக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

கறிக்கு மட்டும் அல்ல. ஓடைத் தண்ணீரை யார் எப்போது திருப்பிக்கொள்வது, கோயில் பலா மரத்தில் யாருக்கு எத்தனை பழம், மழையில் பாதை அறுந்து போனால் எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள், எல்லாம் அவர் சொன்னபடிதான். ஊர்க்கவுண்டர் வேறு ஒருவர் இருந்தார். ஆனால் பங்கு என்று வந்தால் ஊர்க்கவுண்டரே இவர் முகத்தைத்தான் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு அவர் தூரத்துச் சொந்தம். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மல்லிகாவின் அப்பா போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவர். வடக்கே எங்கெங்கோ போய்விட்டு, வருஷத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு வருஷம் எலும்பும் தோலுமாக வந்தார், மறுபடி போகவில்லை. அவர் இறந்து ஒரு வருஷத்துக்குள் மல்லிகாவின் அம்மாவும் அதே மாதிரி இளைத்து, இருமி, செத்துப்போனாள். என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை. மல்லிகாவுக்கு அப்போது ஏழு வயது.

வேறு சமயமாக இருந்தால் சித்தப்பா வீட்டில் வளர்ந்திருப்பாள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவள் சித்தி வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "எனக்குக் கைக்கொழந்த இருக்குதுங்க. என்னைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அழுதாள். அவளைத் திட்டவும் ஆள் இல்லை. மற்ற வீடுகளிலும் அதே பயம்தான்.

கூறு போடுகிறவர் மல்லிகாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பஸ் ஏறி, நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிக்கக் கொடுத்தார். முடிவு வாங்க மறுபடி ஒரு முறை போனார். மலைப்பாதை வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். இரண்டு முறையும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு போய் வந்தார்.

பிறகு கோயில் முன்னால் ஊர் கூடியது. "புள்ள ரத்தத்துல ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க" என்றார்.

"அவங்க சொல்லுவாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா அவங்களா வரப்போறாங்க?" என்றார் ஒருவர்.

அப்போது மல்லிகா ஒரு தட்டில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர் அவள் பக்கத்தில் குந்தினார். "கண்ணு, எனக்கு ஒரு வாய் குடு" என்று வாயைத் திறந்தார். அவள் தன் விரலால் களியைக் குழம்பில் தோய்த்து அவர் வாயில் வைத்தாள். அதை விழுங்கிவிட்டு, அதே தட்டில் கையை விட்டு மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டார். "எனக்கு வந்தாத்தான் உங்களுக்கு. பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அதற்கு மேல் யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை.

அன்றைக்குத்தான் அவர் முறை போட்டார். அமாவாசைக்கு அமாவாசை ஒரு வீடு. பதினேழு வீட்டையும் சுற்றி முடித்ததும் மறுபடி முதல் வீடு. "ஒரே ஊட்டுல உட்டா அந்த ஊட்டுக்காரிக்குச் சலிப்பு வந்துட்டா புள்ள எங்க போவும்? இப்ப ஒரு ஊடு சலிச்சாலும் பதினாறு ஊடு இருக்குதில்ல" என்றார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது. பயத்தையும் பதினேழாகப் பிரித்துவிட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன்.

எந்த வீடு முதலில் என்பதில் பேச்சு வந்தது. அவர் பதினேழு கூழாங்கற்களைப் பொறுக்கி, மாசத்துக்கு ஒன்று என்று வரிசையாக வைத்தார். மல்லிகாவைக் கூப்பிட்டு, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். நோம்பியில் அவள் இரண்டு முறை அப்படி நின்று பெயர் சொன்னவள்தான். ஒரு கல்லின் மேல் குச்சியை வைத்து, "இது யாருக்கு கண்ணு?" என்றார்.

அவள் உடனே, "கோடி ஊட்டு அக்காவுக்கு" என்றாள்.

கோடி வீடு எங்கள் வீடு. அவள் அம்மா படுக்கையில் இருந்தபோது நான் இரண்டு மூன்று நாள் தலை வாரிவிட்டிருக்கிறேன். அவர் குச்சி வைத்திருந்தது ஒன்பதாவது கல்லின் மேல். பதினேழு பெயரையும் அவள் தடுமாறாமல் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். கெட்டிக்காரப் பிள்ளை என்று பேசிக்கொண்டோம். எந்த வீட்டில் எப்போது இருக்கப்போகிறாள் என்பதை அவளே முதுகைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அவர் விதிகள் வைத்திருந்தார். தனித்தட்டு கூடாது. அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை சுமை விறகோ அவளுக்கும் அத்தனைதான், ஒரு குச்சி கூடுதலாக இருக்கக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எந்த வீட்டில் இருக்கிறாளோ அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் பார்த்துத் திடீரென்று வந்து நிற்பார். அவள் தட்டை எட்டிப் பார்ப்பார், பக்கத்துத் தட்டையும் பார்ப்பார். "போலீசு சோதனைக்கு வந்தாச்சு, சட்டிய மூடுங்கடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபமே வராது. இரண்டு தட்டும் ஒன்றாக இருந்தால் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார்.

அமாவாசை அன்று காலையில் அவரே வந்து அவள் ஒயர்கூடையைத் தூக்கிக்கொள்வார். வீட்டுக்காரி முன்னாலேயே, "கொறை ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பாள். அடுத்த வீட்டு வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார். எட்டு மாசமும் அந்த ஒரு பதில்தான். அதைக் கேட்டு அவர் முகம் மலர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒன்பதாவது மாசம் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றைக்கு அவள் துணிகளைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் மடித்துக் கூடைக்குள் இருந்தது. எதைப் போட்டாலும் சாப்பிட்டாள். போதுமா என்றால் போதும் என்பாள், இன்னும் வேண்டுமா என்றால் சரி என்பாள். என் மகன் அவள் வயதுதான். அவன் அவள் பென்சிலைப் பிடுங்கினால் கொடுத்துவிடுவாள். அவன் அடித்தால் தள்ளி உட்காருவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. தினமும் தலை வாரி இரட்டைச் சடை போட்டேன், அவ்வளவுதான்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் தட்டை நகர்த்திவிட்டு, "எனக்குக் களி வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பின்ன என்னடி வேணும்?"

"மரவள்ளிக் கெழங்கு."

"நேத்துத்தான தின்ன?"

"இன்னைக்கும் வேணும்."

நான் அடுப்பில் கிழங்கைப் போட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, புகை என்று சொன்னேன். அன்று சாயங்காலமே என் மகனோடு சண்டை போட்டு அவன் தோளைக் கடித்துவிட்டாள். அவன் ஊரைக் கூட்டினான். அவளைத் திட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் துணிகள் கொடியிலேயே கிடந்தன.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. சடை பின்னிக்கொண்டிருந்தேன். முன்னால் பார்த்தபடியே கேட்டாள்: "அக்கா, நான் இங்கயே இருந்துக்கட்டுமா?"

"மாமாகிட்டக் கேட்டுப் பாக்கறேன் கண்ணு" என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. மூணு பேரு தின்னறதுல நாலு பேரு. நீயே அவருகிட்டக் கேளு, தங்கமான மனுசன்" என்றார்.

நான் செம்மேட்டில் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. இன்றைக்கும் பஸ்ஸில், இறங்க வேண்டிய இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நூறடி இருக்கும். இரண்டு நாளில் மூன்று முறை பாதி தூரம் போனேன். ஒரு முறை அவர் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு முறை அவரே என்னைப் பார்த்து, "என்ன சாமி?" என்றார். "அத்தைகிட்டச் சல்லடை வாங்கலாம்னு வந்தேனுங்க" என்று சொல்லி, வேண்டாத சல்லடையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அமாவாசை அன்று அவர் வந்தார். அடுத்து முறை வருகிற வீட்டுக்காரியும் கூட வந்து நின்றாள். நல்லவள், மல்லிகாவுக்காக ரிப்பன் வாங்கி வைத்திருந்தாள். அவர் வழக்கம் போல, "கொறை ஏதாச்சும் உண்டா கண்ணு?" என்று கேட்டார். மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார்.

"ஒரு கொறையும் இல்லீங்க மாமா" என்றேன்.

அவள் உள்ளே போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தாள். உதவப் போனேன். "நானே மடிச்சுக்கறேனுங்க" என்றாள். அதுவரை என்னிடம் ங்க போட்டுப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவள் எதுவும் கேட்டதாகக் கேள்விப்படவில்லை. பதினேழு வீடும் முடிந்து இரண்டாவது சுற்று தொடங்கியது. அந்தச் சுற்றில் மூன்றாவது வீடு முடிகிற நாள், அவர் போய் நின்றபோது அவளும் இல்லை, கூடையும் இல்லை. ஊரே காடு காடாகத் தேடியது. அவர் ஓடையில் இறங்கிக் கழியால் துழாவிக்கொண்டே போனார். இருட்டும் வரை கரையேறவில்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பாய் வந்து இறங்கினார். பேளுக்குறிச்சி சந்தையில் எங்கள் மிளகை வாங்குகிறவர் அவர். மல்லிகா தனியாக பஸ் ஏறிக் கீழே போய், அவர் கடைப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்கிறார்.

"யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேட்டேனுங்க" என்று எங்கள் கூறு போடுகிறவரிடம் சொன்னார் பாய். "பதினேழு ஊடு சொல்லுது. வெளையாட்டுக்குச் சொல்லுதாக்கும்னு சிரிச்சுப்போட்டேன். அப்புறம் பாத்தா நெசமாத்தாஞ் சொல்லுது. ஏனுங்க, ஒரு புள்ளையக் கொண்டாந்து ஊட்டுல உடணும்னா, நான் எந்த ஊட்டுல உடறதுங்க?"

அவர் பாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஸ்டேஷனில் சொன்னதால், இரண்டு வாரம் கழித்துக் கீழேயிருந்து ஒரு அதிகாரியம்மா ஜீப்பில் வந்தார். அதே கோயில் முன்னால் கூட்டம். அந்தம்மா யாரையும் மிரட்டவில்லை, பொறுமையாகத்தான் கேட்டார். எங்கள் ஆள், முறையைப் பற்றி எல்லாம் சொன்னார், எண்ணெய்க் குளியல் வரை சொன்னார். அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நல்ல மனசுதாங்கய்யா. ஆனா இந்தப் புள்ளைக்குப் பொறுப்புன்னு ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யாரு போடறீங்க?" என்றார்.

"நாங்க பதினேழு பேருமே போடறமுங்க."

"ஒரு பேரு எழுதத்தான் இதுல இடமிருக்குதுங்கய்யா. இல்லைன்னா கீழ ஹோம்ல சேத்துக்கறோம். படிக்க வைப்பாங்க."

அவர் திரும்பி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தார். யாரும் பேசவில்லை. வேண்டாம் என்று பேசாமல் இருக்கவில்லை. இருபது மாசமாக எல்லோருக்கும் என்று இருந்த பிள்ளையை எனக்கு என்று எப்படிக் கேட்பது என்பதுதான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் கை தரையில் எதையோ தேடுவது போல அசைந்தது.

நான் எழுந்தேன். "எங்கூட்டுல இருக்கட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான், "கோடி ஊட்டுல வெச்சுக்கறாங்களாமா" என்று சத்தமாகச் சொன்னாள்.

அதிகாரியம்மா மல்லிகாவிடம் குனிந்து, "அந்த அக்கா ஊட்டுக்குப் போறியாம்மா?" என்றார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தம்மாவிடம் கேட்டாள்: "எத்தன மாசத்துக்குங்க?"

"எப்பவுமே கண்ணு, எப்பவுமே" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தம்மா மறுபடி கேட்டார். "நான் இவங்களோடயே போறேனுங்க" என்றாள். ஜீப்பில் ஏறும்போது பதினேழு வீட்டுப் பெண்களும் அழுதோம். அவள் அழவில்லை. கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நோம்பிக்கு அவர் கூறு போட வரவில்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சந்தையில் தராசு வாங்கி வந்து நிறுத்துக் கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். ஆனால் நான் சொல்ல நினைத்தது, மல்லிகா ஜீப்பில் போன அதே மாசத்தில் அவர் கீழே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி.

பஸ் இறங்கியதும் தன் வீட்டுக்குக் கூடப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். வளைவில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"எப்பிடி இருக்கறாளுங்க மாமா?"

"நல்லாத்தான் இருக்கறா சாமி. அவளுக்குன்னு ஒரு கட்டிலு குடுத்திருக்கறாங்க. இரும்புக் கட்டிலு. தலமாட்டுல அவ பேரு எழுதி ஒட்டியிருக்குது. கையப் புடிச்சுக் கூட்டீட்டுப் போயி மொதல்ல அதத்தான் காட்டுனா. இதுல நான் உக்காரட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம், ஓரமா உக்காருங்கன்னா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தண்ணீர் டம்ளரை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்கூட்டுல இருந்தப்ப உன்னையக் கேட்டாளாமா, இங்கயே இருந்துக்கறேன்னு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நீ எங்கிட்ட வந்து கேட்டிருந்தாலும் நான் முறையத்தாஞ் சொல்லியிருப்பேன். வேண்டாம்னுதாஞ் சொல்லியிருப்பேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கி, அவளை எங்கள் வீட்டிலேயே விட்டிருப்பார். அது எனக்குத் தெரியும். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆகவே அவருக்கும் தெரியும். "இல்லீங்க மாமா, நீங்க சரின்னுருப்பீங்க, நாந்தான் கேக்கல" என்று சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன்.

"காப்பி வெக்கட்டுங்களா மாமா?" என்றுதான் வந்தது.

வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து எழுந்து போனார்.